எஞ்சினை நிறுத்திய பிறகு: சாக்ஸ்-ஜிம் சதுப்பில் ஒரு பெரும் சாம்பல் ஆந்தை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டுலூத் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் சாக்ஸ்-ஜிம் சதுப்புநிலத்தில், ஒரு பிப்ரவரியின் முதல் வாரத்தில் மூன்று நாட்கள் தங்கி, தானாக வேட்டையாடிக்கொண்டிருந்த ஒரு பெரும் சாம்பல் ஆந்தையைப் படமெடுத்தேன். முதல் நாள் எடுத்த அறுநூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. மூன்றாம் நாள் எடுத்தவை எண்பதுக்கும் குறைவு. அவற்றில் பாதிக்கு மேல், ஆந்தையின் முகத்திலிருக்கும் ஒவ்வொரு வளையத்தையும் எண்ணிவிடும் அளவுக்குத் துல்லியமாக இருந்தன. கேமரா அதேதான், லென்ஸும் அதேதான். ஒரே மரக்கூட்டத்தைச் சுற்றியே வந்தது என்பதால் பறவையும் ஒன்றே என்று கருதுகிறேன். அப்படியானால் இடையில் எது மாறியது என்பதை, நடந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். குளிர் நாடுகளில் வாழும் தமிழர் பலர் இப்போது நீண்ட லென்ஸுடன் பறவை தேடிப் போகிறார்கள். நான் ஒரு நாள் முழுவதையும் இழந்து கற்றுக்கொண்டதை அவர்களும் அப்படியே கற்க வேண்டியதில்லை.

இடமும் பறவையும்

சாக்ஸ், ஜிம் என்பவை பழைய ரயில் பாதையோரத்துச் சிற்றூர்களின் பெயர்கள். செயின்ட் லூயிஸ் மாவட்டத்தில் ஏறத்தாழ 300 சதுர மைல் பரப்பில் கிடக்கும் இந்தப் பகுதி முழுவதும் ஒரே சதுப்பு அல்ல. கருப்பு ஸ்புரூஸ் மரங்களும், குளிர்காலத்தில் ஊசியிலைகளை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும் டாமராக் மரங்களும் நிறைந்த கரிச்சேற்று நிலத்தின் இடையிடையே வைக்கோலுக்கான புல்வெளிகளும் பண்ணைகளும் இருக்கின்றன. இந்தக் கலப்பு ஆந்தைக்கு மிகவும் தோதானது: உட்கார்ந்து காது கொடுக்க மரம், இறங்கிப் பிடிக்கப் புல்வெளி. குளிரின் அளவைச் சொல்ல வேண்டுமானால், மினசோட்டாவில் இதுவரை பதிவானவற்றுள் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 51 டிகிரி செல்சியஸ், 1996 பிப்ரவரி 2 அன்று இதே மாவட்டத்திலுள்ள டவர் என்ற ஊருக்கு அருகில்தான் பதிவானது.

பெரும் சாம்பல் ஆந்தை பார்வைக்கு மிகப் பெரிது. சிறகை விரித்தால் நாலரை அடிக்குக் குறையாது. ஆனால் அந்தப் பருமனில் பெரும்பகுதி இறகுதான். உடல் எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உருவத்தில் இதைவிடச் சிறிதாகத் தெரியும் பனி ஆந்தையும் கொம்பு ஆந்தையும் இதைவிடக் கனமானவை. இவ்வளவு பெரிய பறவை உண்பது, பெரும்பாலும் வோல் எனப்படும் குட்டைவால் எலியைத்தான். வடக்கே கனடாவின் காடுகளில் வோல்கள் அருகிப்போகும் ஆண்டுகளில் இந்த ஆந்தைகள் கூட்டமாகத் தெற்கு நோக்கி வருகின்றன. 2004-05 குளிர்காலத்தில் மினசோட்டாவில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட பெரும் சாம்பல் ஆந்தைகள் பதிவாயின. அந்த ஆண்டு வந்தவற்றில் பல நூறு பறவைகள் வாகனங்களில் அடிபட்டு இறந்தன; சாலையோரப் புல்லில் எலி அதிகம் என்பதும், இந்தப் பறவை தாழப் பறக்கும் என்பதுமே காரணம். ஒளிப்படக்காரர்களும் அதே சாலையில்தான் காரை நிறுத்துகிறோம் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

நான் படமெடுத்தது எந்தச் சாலை என்பதை எழுதவில்லை. இடத்தைச் சொன்னால் அடுத்த நாளே பத்து வாகனங்கள் வந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதல் நாள்

காலை ஆறே முக்காலுக்கு விடுதியை விட்டுக் கிளம்பியபோது வெளியே மைனஸ் 31 டிகிரி. காற்று அறவே இல்லை, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. இரவெல்லாம் அறைக்குள் இருந்த கேமராவையும் 200-600 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸையும் காரின் முன்னிருக்கையில், எனக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. கருவிகளைக் குளிர் தாக்காமல் பாதுகாக்கிறேன் என்பதே அப்போது என் எண்ணம். இந்தப் பயணத்தின் முதல் பிழை அது.

சூரியன் எழுந்து பத்து நிமிடங்களில், சாலையிலிருந்து 35 மீட்டர் தள்ளி, மேல்பாதி ஒடிந்த ஒரு ஸ்புரூஸின் உச்சியில் ஆந்தையைக் கண்டேன். காரை ஓரமாக நிறுத்தி, பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, அதன் விளிம்பில் பயறு நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தேன். எஞ்சினை அணைக்கவில்லை. விரல்கள் மரத்துப்போனால் ஷட்டரை அழுத்த முடியாதே என்ற பயத்தில் ஹீட்டரையும் ஓடவிட்டேன்.

அடுத்த ஐம்பது நிமிடங்களில் அந்தப் பறவை எனக்குக் கொடுத்ததை எவரும் வாழ்நாளில் சில முறைதான் பெற முடியும். மஞ்சள் வெளிச்சம் அதன் முகத்தில் நேராக விழுந்தது. நான்கு முறை மரத்தை விட்டு இறங்கியது. நான்கில் ஒரு முறை, பனிக்குள் மார்புவரை புதைந்து, கண்களை மூடியபடி சற்று அசையாமல் கிடந்து, பிறகு அலகில் ஒரு வோலுடன் எழுந்தது. நான் ஒரு விநாடியையும் விடவில்லை. பார்வைத்துளையில் பறவையின் ஓரங்கள் இலேசாக நெளிவதுபோல் ஒருமுறை தோன்றியது. குளிரில் கண்ணில் நீர் கோத்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு மேலும் எடுத்தேன்.

எட்டேகால் மணி அளவில் எதிர்ப்புறமிருந்து ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து, எனக்கு வெகுதூரம் முன்பாகவே நின்றது. உள்ளூர்க்காரர், வயது எழுபதுக்கு மேல் இருக்கும். வண்டியை அணைத்துவிட்டு, கதவை அறையாமல் சாத்தி, சாலையின் நடுவாக மெல்ல நடந்து என் மறுபக்கச் சன்னலுக்கு வந்தார். தாழ்ந்த குரலில் அவர் கேட்டது ஒன்றுதான்: எஞ்சினை நிறுத்த முடியுமா, அந்தப் பறவை காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. நான் வெட்கத்துடன் சாவியைத் திருப்பினேன். அவர் தலையசைத்துவிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பினார். அதன் பிறகு இருபத்தைந்து நிமிடங்கள் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆந்தை எதிர்ப்பக்கக் காட்டுக்குள் போன பிறகே இருவரும் வண்டியைக் கிளப்பினோம்.

பிழை எங்கே

அன்றிரவு விடுதி அறையில் மடிக்கணினியில் படங்களைப் பெரிதாக்கியபோது நெஞ்சு விழுந்துவிட்டது. சிறிய அளவில் அழகாகத் தெரிந்த படங்கள், முழு அளவில் பார்த்தால் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. வழக்கமான காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

முதலில் கைநடுக்கத்தைச் சந்தேகித்தேன். ஷட்டர் வேகம் விநாடிக்கு 2000இல் ஒரு பங்கு, பல படங்களில் 3200இல் ஒரு பங்கு. இந்த வேகத்தில் நடுக்கம் பதிவாக வாய்ப்பில்லை. பதிவானாலும் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டிருக்க வேண்டும், அப்படியும் இல்லை. அடுத்தது ஃபோகஸ். ஃபோகஸ் தவறினால் பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று தெளிவாக இருந்தே தீரும். ஆந்தைக்கு ஒரு முழம் முன்னால் ஒரு குச்சி, பின்னால் பாசி தொங்கும் கிளை, இரண்டுக்கும் நடுவே பறவை என்று எல்லாமே ஒரே அளவு மங்கலாக இருந்தன. லென்ஸ் கெட்டிருக்கலாமோ என்று, ஒரு வாரம் முன்பு எடுத்த படங்களைத் திறந்து பார்த்தேன்; அவை சுத்தமாக இருந்தன.

பிறகுதான் ஒரே விநாடிக்குள் தொடர்ந்து எடுத்த பத்துப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக ஓட்டிப் பார்த்தேன். ஆந்தை அசையவில்லை. ஆனால் அதன் கண்ணின் வடிவம் படத்துக்குப் படம் மாறியது: ஒன்றில் வட்டம், அடுத்ததில் முட்டை, அதற்கடுத்ததில் ஒரு பக்கம் சப்பை. மெல்லிய குச்சியின் ஓரம் சில படங்களில் இரட்டையாகத் தெரிந்தது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் பார்ப்பதுபோல் இருந்தது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையின் மேல் நெளியும் கானலைப் பார்த்து வளர்ந்தவன் நான். மைனஸ் 31 டிகிரியில் கானல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காற்று சூடாகும்போது அதன் அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் ஒளி வளையும் அளவும் மாறுகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில், சின்னச் சின்னக் காற்றுத் திரள்கள் ஒவ்வொன்றும் ஒழுங்கற்ற ஒரு லென்ஸாக மாறி ஒளியை அங்குமிங்கும் திருப்பிவிடுகின்றன. காருக்குள் 22 டிகிரி, வெளியே மைனஸ் 31: ஒரு சன்னலின் இரண்டு பக்கங்களுக்கும் இடையே 53 டிகிரி வேறுபாடு. அந்தச் சன்னலிலேயே என் லென்ஸின் வாய் இருந்தது. காரின் வெப்பம் முழுவதும் அதைத் தாண்டித்தான் வெளியேறியது. லென்ஸே அறைச் சூட்டில் இருந்ததால், அதன் முன்னால் மாட்டும் ஹூட் குழாய்க்குள்ளும் வெதுவெதுப்பான காற்று தங்கிச் சுழன்றுகொண்டிருந்தது. 600 மில்லிமீட்டரில் பறவை பெரிதாவதுபோலவே இந்தக் குழப்பமும் பெரிதாகிறது.

இதற்குச் சான்று படக்கோப்புகளின் நேரக் குறிப்பிலேயே இருந்தது. முதியவர் கேட்டு எஞ்சினை நிறுத்தியது 8.20 வாக்கில். 8.24 மணிப் படங்கள் முன்போலவே கெட்டிருந்தன. 8.33இல் குச்சியின் இரட்டை ஓரம் போய்விட்டது. 8.41, 8.43 ஆகிய நேரங்களில் எடுத்த கடைசி ஒன்பது படங்கள் அன்றைய தொகுப்பிலேயே மேலானவை. முழுக் கூர்மை இல்லை என்றாலும் இறகின் இழை பிரிந்து தெரிந்தது. கார் குளிரக் குளிரப் படம் தெளிந்திருக்கிறது. ஆந்தைக்காக அவர் கேட்டது, எனக்கும் வேண்டிய ஒன்றாகவே இருந்திருக்கிறது.

அந்தப் பறவை எதற்குக் காது கொடுத்தது

அவர் சொன்ன சொல்லை அன்றிரவு திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். பெரும் சாம்பல் ஆந்தை ஒன்றரை, இரண்டு அடி ஆழப் பனிக்கு அடியில் சுரங்கம் அமைத்து ஓடும் வோலைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பிடிக்கிறது. அதன் தட்டையான வட்ட முகம், ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் ஓர் அகலத் தட்டு. ஆந்தைகளிலேயே பெரிய முகவட்டம் இதனுடையதுதான். இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லாததால், ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதையும் அது பிரித்தறிகிறது.

கிறிஸ்டோபர் கிளார்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கனடாவின் மனிடோபாவில் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் விளக்குகிறது. ஆந்தை பாய்ந்த குழிகளுக்கு அருகில் பனிக்குள் ஒலிபெருக்கியைப் புதைத்து, மேலே எந்த ஒலி வருகிறது என்று அவர்கள் அளந்தார்கள். கீச்சென்ற உயர் ஒலிகளைப் பனி விழுங்கிவிடுகிறது; தாழ்ந்த அதிர்வெண் ஒலிதான் மேலே எட்டுகிறது. அதோடு, பனியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒலி வளைகிறது. பக்கவாட்டிலிருந்து கேட்கும் ஆந்தைக்கு எலி உண்மையில் இருக்கும் இடத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பதாகவே கேட்கும். அந்த ஆய்வாளர்கள் இதை ஒலிக் கானல் என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். நேர் மேலே வந்துவிட்டால் இந்த வளைவு இல்லை. அதனால்தான் இந்த ஆந்தை மரத்திலிருந்து நேராகப் பாய்ந்துவிடாமல், எலிக்கு நேர் மேலே வந்து, சில கணங்கள் அந்தரத்தில் நின்று, பிறகு செங்குத்தாக விழுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. எனக்கு ஒளி வளைந்தது. அதற்கு ஒலி வளைகிறது. தனக்கு வந்த சிக்கலை அது இடம் மாறித் தீர்த்துக்கொள்கிறது. என் எஞ்சினோ, பனியைத் தாண்டி மேலே வரும் அதே தாழ்ந்த உறுமலை, ஐம்பது நிமிடங்கள் அதன் காதுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. நான்கு பாய்ச்சலில் மூன்று தவறியதற்கு என் கார்தான் காரணம் என்று நிறுவ என்னால் முடியாது. ஆந்தைகள் இயல்பாகவே பலமுறை தவறும். ஆனால் 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், எரிவாயு அழுத்த நிலையத்தின் இரைச்சலைச் சின்ன ஆந்தை இனமொன்றுக்கு ஒலிக்கச் செய்து பார்த்தபோது, ஒவ்வொரு டெசிபெல் கூடும்போதும் வேட்டை வெற்றி வாய்ப்பு 8 விழுக்காடு குறைந்தது. அதை அறிந்த பிறகும் எஞ்சினை ஓடவிட எனக்கு மனம் வராது.

சாலைப் பலகையில் ஒரு சோதனை

இரண்டாம் நாள் ஆந்தையைத் தேடும் முன், ஆளில்லாத ஒரு குறுக்குச் சாலையில் நின்று, 40 மீட்டர் தொலைவில் இருந்த பெயர்ப்பலகையைப் படமெடுத்துப் பார்த்தேன். வெளியே மைனஸ் 27. லென்ஸை இரவு முழுவதும் காரின் டிக்கியிலேயே விட்டிருந்தேன். பேட்டரிகள் மட்டும் என்னோடு அறையில் இருந்தன. ஹீட்டருடன் எடுத்த படத்தில் பலகையின் அடியில் இருந்த திருகாணியின் வடிவமே தெரியவில்லை. எஞ்சினை அணைத்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, இருபது நிமிடங்கள் காத்து எடுத்ததில் திருகாணியின் நடுவெட்டும் அதில் ஒட்டியிருந்த உறைபனித் துகளும் தெரிந்தன. ஹூட்டைக் கழற்றியதும் இன்னும் ஒரு படி மேம்பட்டது. காரின் முன்மூடிக்கு மேலாகக் குறிவைத்துப் பார்த்தபோது, எஞ்சினை அணைத்து அரைமணி ஆன பிறகும் படம் நெளிந்தது. ஆகவே சூடான எஞ்சினுக்கு மேலாக எந்நாளும் எடுக்கக் கூடாது, பக்கவாட்டில்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் காரை விட்டு இறங்கிவிடலாமே என்று கேட்கலாம். இறங்கினால் ஒளிக்குக் குறுக்கே வெப்பம் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் நின்றிருக்கும் காரைப் பொருட்படுத்தாத ஆந்தை, இரண்டு காலில் நடந்து வரும் உருவத்தைக் கண்டதும் வேட்டையை விட்டுவிட்டு நம்மையே பார்க்கத் தொடங்குகிறது. இந்தப் பறவை மனிதனைக் கண்டு பெரும்பாலும் பறந்துவிடாது. அதைப் பலர் பயமின்மை என்று எண்ணிக்கொண்டு நெருங்குகிறார்கள். இறகை உடலோடு ஒட்டி ஒல்லியாக நிமிர்வதும், தலையைத் திருப்பாமல் நம்மீதே கண்ணை நிறுத்துவதும் அமைதியின் அடையாளங்கள் அல்ல. ஆகவே காரே மறைவிடம், ஆனால் குளிர்ந்த கார். அது படும் குளிரை நாமும் பட்டாக வேண்டும்.

அதற்கேற்ற உடை இல்லாவிட்டால் இது ஆபத்து. உடலை ஒட்டிக் கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி, வெளியே தடித்த இறகுக் கோட்டு. கைக்கு விரல் பிரிந்த மெல்லிய உறை, அதன்மேல் விரல் பிரியாத தடித்த உறை. வெறும் விரலால் டிரைபாடின் உலோகத்தைத் தொட்டுவிட்டு எழுந்த எரிச்சல் ஒரு வாரம் இருந்தது. நாற்பது நிமிடங்களுக்கு ஒருமுறை, ஆந்தைக்கு வெகுதூரம் தள்ளிச் சென்று காரை ஓடவிட்டு உடலைச் சூடாக்கிக்கொண்டேன். அந்நேரத்தில் கேமரா டிக்கியிலேயே இருந்தது.

கருவி பற்றி மற்றவை பெரும்பாலோர் அறிந்தவையே. லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். ஆனால் அது செத்துப்போவதில்லை, சட்டையின் உள்பையில் வைத்துச் சூடாக்கினால் மீண்டும் எழும். மூச்சைப் பார்வைத்துளையின் மேல் விட்டால் அது உடனே உறைந்துவிடும், துடைக்கத் துடைக்கக் கீறல்தான் மிஞ்சும். மூச்சை ஒரு பக்கமாக விடப் பழக வேண்டும். அறைக்குத் திரும்பும்போது, குளிர்ந்த கேமராவைக் காற்றுப் புகாத பையில் வைத்து மூடி, பையோடு அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் படியும். படம் பார்க்கும் அவசரம் எனக்கு எப்போதும் உண்டென்பதால், மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்கிறேன்.

அன்று மாலை ஆந்தை தெரியவில்லை. வேறு ஓரிடத்தில், ஒரு குழுவினர் கடையில் வாங்கிய வெள்ளெலியைப் பனியின் மேல் விட்டு ஒரு பருந்தாந்தையை வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நிற்காமல் வந்துவிட்டேன். ஆந்தைக்கு எலி கொடுத்து வசப்படுத்தும் எண்ணம் நமக்கும் புதிதல்ல; தலைவன் இரவில் வரும்போது குரலெழுப்பி ஊரை எழுப்பிவிடாதே, உனக்கு நெய்ச்சோறும் எலிச் சூடும் தருகிறோம் என்று ஊர் வாயிலின் முதுமரத்துக் கூகையிடம் வேண்டிக்கொள்ளும் சங்கப் பாடல் உண்டு. அது காதலியின் தவிப்பில் எழுந்த வேண்டுதல். இங்கே நடப்பது, காரையும் மனிதனையும் உணவோடு சேர்த்துப் பறவைக்குப் பழக்கிவிடுவது. இப்படிப் பழகிய ஆந்தை அடுத்து வரும் லாரியையும் நோக்கிப் பறக்கும். எலி போட்டு எடுத்த படத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வேட்டைப் படமாக ஏற்பதில்லை.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் காலை குளிர் மைனஸ் 14க்குத் தளர்ந்து, பொடிப்பனி விழத் தொடங்கியது. வானம் முழுக்க ஒரே சாம்பல். இத்தகைய ஒளியைச் சிலர் மோசமானது என்பார்கள். இந்தப் பறவைக்கு இதைவிட நல்ல ஒளி இல்லை என்பது என் கருத்து. நிழல் இல்லாததால், சாம்பலுக்குள் இருக்கும் பழுப்பும் வெள்ளையும் கருமையும் தனித்தனியாக எழுந்து வருகின்றன.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கவே முயலும். பனி நிறைந்த காட்சியை அதன் போக்கில் விட்டால் பனி அழுக்காகிவிடும். ஆனால் ஆந்தை இருண்ட ஸ்புரூஸின் முன் உட்கார்ந்திருக்கும்போது ஒளியைக் கூட்டினால் முகம் வெளுத்துப்போகும். ஒரே பறவை ஒரு விநாடியில் இருட்டிலிருந்து வெண்மைக்குப் பறக்கிறது. எனவே தானியங்கி முறையை விட்டுவிட்டு, வெறும் பனியை ஒருமுறை அளந்து, படத்தின் ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தைத் தொடாமல் அதற்கு அருகில் நிற்கும்படி கையாலேயே அமைத்தேன்: அபர்ச்சர் எனப்படும் லென்ஸ் திறப்பு எஃப் 6.3, ஷட்டர் 1250இல் ஒரு பங்கு, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200. ஆந்தை உட்கார்ந்திருக்கும்போது ஷட்டரை 250இல் ஒரு பங்காக இறக்கினால் விழும் பனி சிறு கோடுகளாகும். தானியங்கி ஃபோகஸ் விழும் பனித்துகளைப் பிடித்துக்கொண்டு தவித்தது. அதன் மறுவினை வேகத்தை மிகக் குறைத்த பிறகு பறவையை விடாமல் நின்றது.

ஏழே முக்காலுக்கு, முதல் நாள் கண்ட மரத்துக்கு அறுபது மீட்டர் கிழக்கே, வேலிக் கம்பம் ஒன்றில் அது இருந்தது. நான் வெகுதூரத்திலேயே ஹீட்டரை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கிக் காரைக் குளிரவிட்டு வந்திருந்தேன். நிறுத்தியதும் எஞ்சினை அணைத்தேன். அதன் பிறகு எழுந்த அமைதியில், கோட்டின் தோள்மேல் பனி விழும் பொரிபொரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

இருபது நிமிடங்கள் அது என்னைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் புல்வெளியை நோக்கித் தாழ்த்தி, இடமும் வலமுமாக மிகச் சிறிய அளவில் திருப்பிக்கொண்டிருந்தது. ஒரு கணத்தில் அந்த அசைவு நின்றது. முகம் ஓரிடத்தில் குத்திட்டது. நான் ஷட்டரை அழுத்தவில்லை; அது எங்கே பார்க்கிறதோ அதற்கு நேர் மேலே, ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான வெற்றிடத்தில் லென்ஸை நிறுத்திவைத்தேன். முதல் நாள் நான் மரத்திலிருந்தே அதைத் துரத்திக்கொண்டு போனேன். இப்போது அது எங்கே வந்து நிற்கும் என்று தெரியும். சத்தமே இல்லாமல் வந்தது. காற்றில் நின்றது. சிறகு இரண்டும் முன்னும் பின்னும் துழாவ, முகவட்டம் மட்டும் கட்டிவைத்தாற்போல் அசையாமல் கீழே பார்த்தது. இரண்டு விநாடி இருக்கலாம். பிறகு தலை முன்னதாக விழுந்து, கடைசிக் கணத்தில் கால்களை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பனிக்குள் மறைந்தது.

எழுந்தபோது முகத்தில் பனி அப்பியிருந்தது. இடது கண்ணுக்கு மேல் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. வோலை ஒரே விழுங்கில் உள்ளே அனுப்பிவிட்டு, குழியிலேயே சற்று நேரம் இருந்து, தாழப் பறந்து சாலையைக் கடக்கத் தொடங்கியது. அதே நேரத்தில் மரம் ஏற்றிய லாரியொன்று வளைவில் தெரிந்தது. நான் அபாய விளக்கைப் போட்டு, சன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். ஆந்தை அவருடைய முன்விளக்கின் உயரத்தில் கடந்து, மறுபுறத்து டாமராக் வரிசைக்குள் போய் உட்கார்ந்தது. அதற்குள் பின்னால் இன்னும் மூன்று கார்கள் வந்து நின்றுவிட்டன. அதைப் பின்தொடர எனக்கு விருப்பமில்லை.

குழி சாலையோரப் பள்ளத்தை ஒட்டியே இருந்ததால், அதைச் சாலையிலிருந்தே பார்க்க முடிந்தது. நடுவே ஒரு தலையணை அளவு ஆழம். இரண்டு பக்கமும் சிறகு பதிந்த தடம், ஒவ்வொரு பெரிய இறகும் தனித்தனி விரல்போல் விரிந்து, நுனியில் மெல்லிய சீப்புக் கோடுகளுடன். அந்தக் கோடுகள், ஒலி எழுப்பாமல் பறக்க உதவும் இறகோரச் சீப்பின் தடம் என்று நினைக்கிறேன். விழுந்துகொண்டிருந்த பனி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றை மூடத் தொடங்கியது.

அந்தரத்தில் நின்றபோது எடுத்த பதினேழு படங்களில் பதினொன்று கூர்மையாக இருக்கின்றன. ஒன்றில் முகத்தின் வளையங்களும், அலகுக்குக் கீழே உள்ள வெள்ளை மீசையும், நெற்றியில் விழுந்து இன்னும் உருகாத ஒரு பனித்துகளின் ஆறு முனைகளும் தெரிகின்றன. வலது சிறகின் நுனி சட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கிறது. ஜூமை 500க்குக் குறைத்திருந்தால் அது உள்ளே வந்திருக்கும். ஆந்தை மரவரிசையைத் தாண்டிக் காட்டுக்குள் போகும்வரை காத்திருந்து, எட்டரை மணிக்குச் சாவியைத் திருப்பினேன். உறைந்துபோன எஞ்சின் மூன்றாம் முறைதான் பிடித்தது.